அந்தோனியாரின் கழுதை

பிள்ளைக்குப் பிறந்தநாள் என்றால் ஆனியைக் கூப்பிடு என்பது சிங்கப்பூரில் அந்தப் பங்குக் கோயிலில் இரண்டு வருஷமாகப் பழகிப்போன பேச்சு. பூசை முடிந்து வெளியே வரும் தாய்மார்கள் முக்காட்டை மடித்துக்கொண்டே அவளை மறித்துத் தேதி கேட்பார்கள்.

ஆனிக்கு இருபத்துமூன்று வயது. அவள் வம்சத்தில் பல்கலைக்கழகத்துக்குள் கால் வைத்த முதல் ஆள். பட்டம் வாங்கி என்ன கிழித்தாள் என்று கேட்டால் பங்கு மக்களுக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் அவள் செய்த கடலடிப் பார்ட்டியைப் பற்றி விடிய விடியச் சொல்வார்கள். ஹால் ஜன்னல்களில் எல்லாம் நீலக் கண்ணாடித் தாள் ஒட்டி, வெயிலே நீலமாக உள்ளே விழும்படி செய்திருந்தாள். காற்றாடியிலிருந்து கிரேப் காகித ஜெல்லிமீன்கள் தொங்கின. அதனால் காற்றாடியைப் போட முடியாமல் பிள்ளைகள் வியர்த்து வடிந்தது வேறு கதை. அடுத்தது ரயில் பார்ட்டி. குளிர்பெட்டி வந்த அட்டைப்பெட்டிகள்தான் ரயில் பெட்டிகள். ஒவ்வொரு பிள்ளைக்கும் துளை போட்ட டிக்கெட். சமையலறை ஜொகூர் பாரு ஸ்டேஷன், குளியலறை கெமாஸ் ஸ்டேஷன். கெமாஸில் இறங்கிய பிள்ளைகள் வெளியே வர மறுத்ததாகச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

ஆனிக்கு இதில் ஆசை என்று எல்லாரும் நினைத்தார்கள். அவளுக்கு ஆசையும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. கை தானாக ஓடியது, அவ்வளவுதான். மற்றபடி, பெரிய வீடுகளின் ஹாலுக்குள் வேலைக்காரியாக இல்லாமல் நுழைய அவளுக்குக் கிடைத்த ஒரே வழி அதுதான். அந்த வீடுகளில் ஒன்றில் என்றைக்காவது ஒரு காரியம் ஆகவேண்டியிருக்கும் என்று அவள் கணக்குப் போட்டிருந்தாள்.

அந்தக் காரியம் 1979இல் வந்தது. அவளுடைய அண்ணன் சுவிசேஷமுத்துவின் மகளுக்கு ஆறு வயது முடிந்திருந்தது. பெயர் அந்தோனியம்மாள். பெற்றவள் பிரசவத்திலேயே போய்விட்டாள். அண்ணன் கிராஞ்சியில் ஒரு செடிப்பண்ணையில் வேலை பார்த்துக்கொண்டு அங்கேயே கிடந்தான். ஞாயிற்றுக்கிழமை லாரியில் வந்து மகளைப் பார்த்துவிட்டுப் போவான். ரோவல் ரோட்டில் கடைக்கு மேலே இருந்த மாடியறையில் அந்தப் பிள்ளையை வளர்த்தவள் ஆனி.

அடுத்த வருஷம் பள்ளிக்கூடம். ஆனிக்கு ஒரே பிடிவாதம்: கான்வென்ட். அவள் தமிழ்ப் பள்ளியில் படித்து, இங்கிலீஷை இரவல் புத்தகத்தில் பொறுக்கிச் சேர்த்துப் பல்கலைக்கழகம் வரை போனவள். அங்கே முதல் நாள் வகுப்பில் அவள் எழுந்து ஒரு வாக்கியம் பேசியதும் பின்வரிசையில் எழுந்த சிரிப்பு இன்னும் காதில் இருந்தது. அந்தச் சிரிப்பு இந்தப் பிள்ளையின் காதில் விழக்கூடாது. ஆனால் ரோவல் ரோட்டுப் பிள்ளைக்குக் கான்வென்ட்டில் இடம் சும்மா கிடைக்குமா? அங்கே செல்வாக்குள்ள யாராவது கடிதம் தரவேண்டும்.

செல்வாக்கு பிலோமினம்மாளிடம் இருந்தது. கப்பல்களுக்குச் சாமான் சப்ளை செய்யும் ஜார்ஜின் மனைவி. சிராங்கூன் கார்டனில் பியானோவும் கார் நிறுத்தக் கொட்டகையும் உள்ள வீடு. அந்தக் கான்வென்ட்டின் பழைய மாணவி, பழைய மாணவியர் சங்கத்தில் பெரிய தலை. அவள் மகள் ஷர்லிக்கு ஆகஸ்ட் பதினொன்றாம் தேதி ஏழு வயது. பள்ளிப் பதிவு அதற்கடுத்த வாரம்.

ஆனி போய்க் கேட்டாள். பிலோமினம்மாள் முடியாது என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நல்லது.

"பார்ட்டி முடியட்டும் லா. லெட்டர் எங்க ஓடிப்போகுது?"

அதோடு தன் பக்கத்து ஆசையையும் விரித்தாள். அடுத்த வீட்டு மிஸஸ் டான் மகளுக்கு விண்வெளிப் பார்ட்டி வைத்துவிட்டாள். கடலடிப் பார்ட்டியை ஆனியே நாலு வீட்டுக்குச் செய்துவிட்டாள். தனக்கு யாரும் செய்யாதது வேண்டும். ஃபாதர் பிரசங்கத்தில் சொல்லும்படி இருக்கவேண்டும்.

ஆனிக்கு அந்த நொடியிலேயே அது தோன்றியது. ஒவ்வொரு பிள்ளையும் தன் பெயர்கொண்ட புனிதராக வேஷம் போட்டு வரட்டும். ஜார்ஜ் என்றால் அவர் கொன்ற டிராகனான பறவைநாகத்தோடு. லூசியா என்றால் தட்டில் இரண்டு கண்களோடு. லாரன்ஸ் என்றால் அவரைப் போட்டு வாட்டிய இரும்புச் சட்டத்தோடு. செபஸ்தியாரை ஆளுயரத்துக்கு அட்டையில் வெட்டி நிறுத்தி, பிள்ளைகள் கண்ணைக் கட்டிக்கொண்டு அம்பு குத்தலாம். சொல்லச் சொல்ல அவளுக்கே சிரிப்பு வந்தது. திருச்சபை பிள்ளைகளுக்குப் பொம்மை மாதிரிக் கொடுத்திருப்பதெல்லாம் கத்தியும் நெருப்பும்தான் என்று அதுவரை அவளுக்குத் தோன்றியதில்லை.

பிலோமினம்மாள் கைதட்டினாள். பிறகு கை பாதியில் நின்றது. ஷர்லி என்று புனிதை யார்?

யாரும் இல்லை. அது ஏதோ பத்திரிகையில் பார்த்து வைத்த பெயர். ஆனால் பிலோமினம்மாள் தளரவில்லை. பிள்ளை பிறந்தது ஆகஸ்ட் பதினொன்று, புனித பிலோமினம்மாள் திருநாள். ஞானஸ்நானத்தில் வைத்த பெயரும் அதுதான். புனிதையைக் கட்டி ஆற்றில் தள்ளிய நங்கூரத்தோடு, தலையில் பூமுடியோடு ஷர்லி பிலோமினம்மாளாக வருவாள்.



புனித பிலோமினம்மாளின் பெயரை ரோமாபுரி 1961இலேயே வழிபாட்டுக் காலண்டரிலிருந்து எடுத்துவிட்டது. பல்கலைக்கழக நூலகத்தில் வேறு எதையோ தேடும்போது ஆனி அதைப் படித்திருந்தாள். தன் சின்ன வயதில் கோயிலின் இடப்பக்கத்திலிருந்த அந்தப் புனிதையின் சுரூபச் சிலையைத் துணியில் சுற்றிச் சாமான் அறைக்குக் கொண்டுபோனது ஏன் என்று அன்றைக்குத்தான் விளங்கியது. பங்கில் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. சுரூபம் பெயிண்ட் அடிக்கப் போயிருக்கிறது என்றே பிலோமினம்மாள் இத்தனை வருஷமாக நம்பிக்கொண்டிருந்தாள்.

சொல்லியிருக்கலாம். சொன்னால் கடிதம் போகும். ஆனி அதை விழுங்கிவிட்டு நங்கூரத்தின் அளவைக் கேட்டாள்.

பெயர்ப் பட்டியல் போடும்போது அடுத்தது வந்தது. அந்தோனியம்மாளை அழைக்காமல் முடியாது. ஆனி வேலைக்கு வரும்போது பிள்ளையை விட்டுவர ஆள் இல்லை. ஆனால் டாக்டர் வீட்டுப் பையன் ஆண்டனியும் வருகிறான்.

"ரெண்டு அந்தோனியார் நின்னா நல்லாவா இருக்கும்?" என்றாள் பிலோமினம்மாள். "டாக்டர் மகன் அந்தோனியாரா வரட்டும். உன் அண்ணன் மக அந்தக் கழுதையா வரட்டும். நற்கருணையக் காட்டினதும் முட்டி போட்டுச்சே, அது. அதுவும் புண்ணியந்தானே?"

"அவ பேரும் அந்தோனியம்மாள்தான், ஆன்ட்டி."

"அதான் சொல்றேன். குடும்பத்துக்குள்ளயே இருக்கு."

ஆனிக்குக் காது மடல் சுட்டது. சரி என்றாள். அவள் சொன்ன சரிகளிலேயே கேவலமானது அதுதான்.

தேக்கா மார்க்கெட்டில் ஜமால் முகம்மதுவின் வெங்காயக் கடையில் இரண்டு சாக்கு வாங்கி வந்தாள். மூன்று தடவை துவைத்தும் வெங்காய வாசனை போகவில்லை. காதுகளுக்கு உள்ளே அட்டை வைத்துத் தைத்தாள். ஒரு காதை லேசாக மடித்துவிட்டாள். அப்போதுதான் நிஜக் கழுதை மாதிரி இருக்கும். வேலையை அரைகுறையாகச் செய்ய அவளுக்குத் தெரியாது, அந்தக் கழுதையைக்கூட. வாலை மட்டும் தைக்க வேண்டாம், அதைத் தான் பார்த்துக்கொள்வதாகப் பிலோமினம்மாள் சொல்லி அனுப்பியிருந்தாள்.

அந்தோனியம்மாளுக்கு ஒரே கொண்டாட்டம். அதுவரை யாரும் அவளைப் பார்ட்டிக்கு அழைத்ததில்லை. ஆனி கொண்டுவரும் மிச்ச கேக்கைத்தான் அவள் பார்த்திருக்கிறாள். மாடியறைப் பலகைத் தரையில் நாலு காலில் நடந்து பழகினாள்.

"அத்தே, கழுதைக்கு முட்டி எங்க இருக்கு?"

ஆனி காட்டிக்கொடுத்தாள். பிறகு பிள்ளையின் தாடையைப் பிடித்து நிமிர்த்திச் சொன்னாள்: "நல்லா முட்டி போட்டாத்தான் ஸ்கூல்ல இடம் கிடைக்கும். என்ன நடந்தாலும் அழக்கூடாது. அழுதா ஸ்கூல் இல்ல. வெளங்குதா?"

பிள்ளை தலையாட்டியது. காதுகளும் ஆடின.

பார்ட்டி சனிக்கிழமை மதியம். தேசிய தினத்துக்குக் கட்டிய கொடிகள் தெருவில் இன்னும் இறங்கவில்லை. ஆனி காலை ஏழு மணிக்கே போய் வேலையைத் தொடங்கிவிட்டாள். லாரன்ஸின் இரும்புச் சட்டத்தில் குச்சியில் கோத்த சாத்தே இறைச்சி வாட்டப்பட்டது. டின்னில் வரும் வெள்ளை லோங்கான் பழத்துக்குள் உலர்ந்த திராட்சையைச் செருகி லூசியாவின் கண்களை வரிசையாகத் தட்டில் வைத்திருந்தாள்; அதைப் பார்த்து ஒரு பெண் வாந்தி எடுத்ததும் மற்ற பிள்ளைகள் ஆளுக்கு நாலு கண்களை வாயில் போட்டுக்கொண்டார்கள். செபஸ்தியாருக்கு முதல் அம்பு தொடையில். வீட்டுக்காரர் ஜார்ஜ், தன் பெயர்கொண்ட பையன் ஒருவனின் பறவைநாகத்தின் வாய்க்குள் சிகரெட் புகையை ஊதிக் காட்டினார். தாய்மார்கள் ஆனியின் முதுகைத் தட்டிவிட்டுப் போனார்கள். இதைப் போல ஒரு பார்ட்டியைச் சிங்கப்பூரில் யாரும் பார்த்ததில்லை என்றார்கள்.

ஷர்லி நடு ஹாலில் வெள்ளைப் பட்டில் நின்றாள். வெள்ளித்தாள் சுற்றிய நங்கூரம் அவள் தோளுக்கு இருந்தது. கெட்ட பிள்ளை இல்லை. சொன்னதைச் செய்யும் சவலைப் பிள்ளை.

நற்கருணை நாடகம் மூன்று மணிக்கு. டாக்டர் மகன் ஆண்டனி நற்கருணை அப்பம் என்று ஒரு கிரீம் கிராக்கர் பிஸ்கட்டை இரண்டு கையாலும் உயரத் தூக்கினான். சாக்குக் கழுதை சோபாவுக்குப் பின்னாலிருந்து நாலு காலில் வந்து, அவன் முன்னால் நின்று, முதலில் வலது முட்டி, பிறகு இடது முட்டி என்று மெதுவாக இறங்கி, காது தரையில் படக் குனிந்தது. ஹால் முழுக்கக் கைதட்டல். அந்தோனியம்மாள் தலையை லேசாகத் திருப்பி ஆனியைத் தேடினாள். அவள் முகத்தில் இருந்த பெருமை, ஆனிக்குப் பட்டமளிப்பு அன்றுகூட இருந்ததில்லை.

"எந்திரிக்காத, எந்திரிக்காத," என்று பிலோமினம்மாள் ஒரு தட்டோடு வந்தாள். தட்டில் காகித வால்கள். ஒவ்வொரு வாலிலும் ஒரு குண்டூசி. சுவரில் கழுதைப் படம் ஒட்டி, கண்ணைக் கட்டிக்கொண்டு வால் குத்துவதை எல்லா வீட்டிலும் விளையாடுகிறார்கள். இங்கே உயிருள்ள கழுதையே இருக்கும்போது படம் எதற்கு?

பெரியவர்கள் சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தோடு அல்ல. சிரிப்பு வந்தது, சிரித்தார்கள்.

ஆனி கேக் கத்தியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நாலு எட்டு வைத்தால் பிள்ளையைத் தூக்கிவிடலாம். பியானோவின் மேல், லேஸ் துணி போர்த்திய டெலிபோனுக்குப் பக்கத்தில், வெள்ளை உறை ஒன்று இருந்தது. அதன்மேல் கான்வென்ட்டின் பெயர் நீல மையில் எழுதியிருந்தது. ஆனி அந்த உறையைப் பார்த்தாள். சாக்கு தடிமன்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பிள்ளைகளிடம் குத்தாமல் சும்மா மாட்டும்படி ஒரு தடவை சொன்னாள். கண்ணைக் கட்டிய பிள்ளைக்குக் குத்துவது எது, மாட்டுவது எது?

எட்டுப் பிள்ளைகள். சிலர் இரண்டு தடவை. ஒவ்வொரு தடவையும் சாக்குக்குள் தோள்பட்டை துள்ளியது. சத்தம் வரவில்லை.

அந்த நேரத்தில்தான் ஃபாதர் சவரிராஜ் உள்ளே வந்தார். திருச்சிப் பக்கத்திலிருந்து புதிதாக வந்த இளம் சாமியார். அவரைக் கண்டதும் பிலோமினம்மாளுக்கு உற்சாகம் தலைக்கேறியது. பியானோ மேலிருந்த உறையை எடுத்தாள்.

"ஃபாதர், ஏழைப் பிள்ளைக்கு ஒரு வழி பண்ணியிருக்கேன், பாருங்க. இதான் கழுதைக்கு நிஜ வால்."

உறையையும் ஓர் ஊசியால் சாக்கில் குத்தினாள். அந்தோனியம்மாளின் கை மடங்கி, மோவாய் தரையில் இடித்தது. அப்போதும் அவள் அழவில்லை. மறுபடி கையூன்றி எழுந்து, சொல்லிக்கொடுத்தபடி ஃபாதர் பக்கம் திரும்பி முட்டி போட்டாள்.

ஆனி கத்தியைக் கீழே வைத்தாள். போய் உறையைக் கழற்றினாள். ஊசி நுனி சிவப்பாக இருந்தது. உறையைப் பிரித்து, நின்ற இடத்திலேயே கடிதத்தை முதலிலிருந்து கடைசிவரை படித்தாள். நல்ல கடிதம். கையெழுத்து இருந்தது. தேதி இருந்தது. மடித்துக் கைப்பையில் வைத்து மூடினாள்.

அதற்குப் பிறகுதான் பேசினாள். பிலோமினம்மாளிடம் அல்ல. தாயிடம் சொன்னால் தாய் எப்படியாவது சமாளித்துவிடுவாள். பிள்ளையிடம் சொன்னால்தான் தாய்க்கு எலும்பு வரை போகும். இதை அவளுக்கு எந்தப் பல்கலைக்கழகமும் கற்றுக்கொடுக்கவில்லை. அவள் ஷர்லியின் முன்னால் உட்கார்ந்து, பிள்ளையின் பூமுடியைச் சரிசெய்தாள்.

"ஷர்லி, ஒனக்கு ஒண்ணு சொல்லவா? பிலோமினம்மாள்னு ஒரு புனிதை இப்ப லிஸ்ட்ல இல்ல. ரோமாபுரியில பேர அடிச்சுட்டாங்க. நீ பொறக்கறதுக்கு முன்னாடியே. மத்த பிள்ளைங்களுக்கெல்லாம் ஆள் இருக்காங்க, ஒனக்கு மட்டும் யாரும் இல்ல. நம்பலேன்னா ஃபாதரைக் கேளு."

ஹாலில் சாத்தே கரியும் வாசனை மட்டும் இருந்தது. எல்லாரும் ஃபாதரைப் பார்த்தார்கள். அவர் பொய் சொல்லத் தெரியாத வயதில் இருந்தார். அறுபத்தொன்றில் காலண்டரிலிருந்து எடுத்தது உண்மைதான் என்றார்; ஆனால் என்று தொடங்கி மேலும் ஏதோ விளக்கினார். அந்த 'ஆனால்' யார் காதிலும் ஏறவில்லை.

"அப்ப பெயிண்ட் அடிக்கக் கொண்டுபோகலயா?" என்றாள் பிலோமினம்மாள். அவள் குரல் சின்னப் பெண்ணின் குரலாக இருந்தது.

ஷர்லி நங்கூரத்தைப் பிடித்தபடி அம்மாவைப் பார்த்தாள். "அப்ப நான் யாரா வந்திருக்கேன்?"

"நோபடி லா," என்றான் அந்தோனியார் வேஷத்தில் இருந்தவன். பிள்ளைகள் சிரித்தார்கள். எட்டுப் புனிதர்களும் சேர்ந்து நோபடி, நோபடி என்று அவளைச் சுற்றிக் குதித்தார்கள். ஷர்லி நங்கூரத்தைக் கீழே போட்டாள். அவள் வெள்ளைப் பட்டு நனைந்து, தரையில் ஈரம் பரவியது. அதைப் பார்த்ததும் சிரிப்பு இன்னும் கூடியது.

பிலோமினம்மாள் ஆனியைத் திட்டவில்லை, அடிக்கவில்லை. மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, கேட்டைத் திறந்துவிடும்படி வேலைக்காரியிடம் சொன்னாள்.

பஸ்ஸில் ஆனிக்கு உடம்பெல்லாம் ஜிவ்வென்று இருந்தது. ஒரே கையால் இரண்டு காரியம். நாலு தடவை கைப்பையைத் திறந்து கடிதத்தைத் தொட்டுப் பார்த்தாள். அந்தோனியம்மாள் ஜன்னலோரம் காதுகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அத்தே, நான் அழல."

"பார்த்தேன்," என்றாள் ஆனி. வீட்டுக்கு வந்து பிள்ளையின் சட்டையைக் கழற்றியபோது முதுகில் ஏழு சிவப்புப் புள்ளிகள். கோடாலித் தைலம் தடவினாள். எரிந்திருக்கும். பிள்ளை பல்லைக் கடித்துக்கொண்டு நின்றது.

புதன்கிழமை பதிவு. கான்வென்ட் மண்டபத்தில் நீண்ட மேசை, அதன் பின்னால் கண்ணாடி போட்ட ஒரு சிஸ்டர். வரிசையில் ஒன்றரை மணி நேரம் நின்று ஆனி பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கடிதத்தை நீட்டினாள். சிஸ்டர் அதைப் பிரிக்கக்கூட இல்லை. உறையின்மேல் இருந்த ஊசித் துளையை விரலால் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். இதை எழுதியவரே திங்கட்கிழமை டெலிபோனில் பேசிவிட்டார், அந்தக் கடிதத்தைப் பொருட்படுத்த வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று மிருதுவான இங்கிலீஷில் சொன்னார்.

டெலிபோன். பியானோவின் மேல், உறைக்குப் பக்கத்திலேயே இருந்தது. ஆனி அதைப் பார்த்தாள்தான். ஆனால் வாழ்நாள் முழுக்கப் பரீட்சையும் சான்றிதழுமாகத் தாளால் மேலே வந்தவளுக்கு, கையெழுத்துப் போட்ட தாளை ஒரு வாய்ப்பேச்சு அடித்துப்போடும் என்று தோன்றவில்லை. ஜார்ஜ் வீட்டார் பள்ளிக்கூடத்தைத் தாளால் பிடித்தவர்கள் இல்லை என்பது அவளுக்கு யாரும் சொல்லித்தராத பாடம்.

அவள் பேசிப் பார்த்தாள். தன் பட்டச் சான்றிதழை எடுத்து மேசையில் வைத்தாள். இலக்கணப் பிழை இல்லாத இங்கிலீஷில் நியாயம் கேட்டாள். பின்னால் நின்ற தாய்மார்களில் யாரோ அவள் உச்சரிப்பைக் கேட்டுத் தொண்டைக்குள் சிரித்தார்கள். அதே சிரிப்பு. சிஸ்டர் மன்னிப்பு வேண்டி, அடுத்தவரை முன்னால் வரச் சொன்னார்.

ஆனி தாள்களைப் பொறுக்கிக்கொண்டு, பிள்ளையின் கையைப் பிடிக்கத் துழாவினாள். கை இல்லை.

அந்தோனியம்மாள் மேசைக்கு முன்னால் சிமெண்டுத் தரையில் இறங்கியிருந்தாள். முதலில் வலது முட்டி, பிறகு இடது முட்டி. இரண்டு கைகளையும் ஊன்றி, நெற்றி தரையில் படக் குனிந்து, சிஸ்டரைப் பார்த்து நாலு காலில் நின்றாள். புது வெள்ளை ரிப்பன் தரையில் புரண்டது. இந்தப் பிள்ளை என்ன செய்கிறது என்று சிஸ்டர் கேட்டார். வரிசை முழுக்க எட்டிப் பார்த்தது.

"எந்திரி," என்றாள் ஆனி.

பிள்ளை எழவில்லை. கீழே இருந்தபடியே தலையை லேசாகத் திருப்பி அத்தையைத் தேடியது.

"ரெண்டு முட்டியும் போட்டுட்டேன், அத்தே," என்றது. "அழவே இல்ல."